தலைமையாசிரியரின் கையெழுத்தை நான் திருத்திய கதை

ஓர் அரசு அதிகாரியின் கையெழுத்தை நான் போலியாகப் போட்டிருக்கிறேன். அதுவும் அவருடைய கையாலேயே. ஏழு வாரம் பாடுபட்டு, டாக்டர் பாராட்ட, அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல, ஒரு மனிதரின் சொந்தக் கையெழுத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் என் கையெழுத்தை நட்டுவைத்தேன். இதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்ல வேண்டாம். ஐம்பத்திரண்டு வயதில் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமலிருப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

நான் நர்ஸ். பக்கவாதம் வந்தவர்களும் இடுப்பெலும்பு உடைந்தவர்களும் மறுபடி நடக்கவும் உண்ணவும் உடுத்தவும் பழகும் வார்டில் பல வருடங்களாக இருக்கிறேன். வாசலில் ‘மறுவாழ்வுப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் பாதகமில்லை. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் குடிப்பதற்கென்றே பஸ் பிடித்து வந்து இறங்கும் காரைக்காலில் அந்தப் பலகையைப் பார்த்ததும் நோயாளியின் மனைவி வாசலிலேயே நின்றுவிடுவார். “எங்க வீட்டுக்காரரு அதெல்லாம் தொடவே மாட்டாருங்க சிஸ்டர்” என்பார். கூட வந்த மைத்துனர் அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனிக்க ஆரம்பிப்பார்.

எங்கள் வார்டில் நர்ஸின் முக்கியமான வேலை, உதவி செய்யாமலிருப்பது. வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. மற்ற வார்டுகளில் நர்ஸ் ஓடுவாள். இங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். நோயாளி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகப் பார்ப்பார். அது காதைப் பார்த்துப் போகும். கையைப் பிடித்துத் திருப்பிவிடத் துடிக்கும் நமக்கு. பிடிக்கக் கூடாது. பிடித்தால் அந்தக் கை நாளைக்கும் நம் கையை எதிர்பார்க்கும். ஐந்து நிமிடத்தில் ஊட்டிவிடக்கூடிய இரண்டு இட்லியை ஒருவர் முக்கால் மணி நேரம் தானே சாப்பிடுவதை, முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இது சொந்தக்காரர்களுக்குப் பொறுக்காது. கோட்டுச்சேரியிலிருந்து மாமனாரைப் பார்க்க வந்த ஒருவர், நான் கேட்கும்படியாகவே போனில் யாரிடமோ சொன்னார்: “நர்சம்மா மூணு பேரு இருக்காங்க. மூணு பேரும் நின்னு வேடிக்கை பாக்குறாங்க. டிக்கெட்டு ஒண்ணுதான் வாங்கல.”

நோயாளிகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. காரைக்கால்மேட்டுக்காரர் ஒருவர், முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் இரண்டு முறை சாய்வார். “கால்ல கோளாறு இல்ல சிஸ்டர். ஒங்க தரைதான் ஆட மாட்டேங்குது” என்று குற்றத்தைக் கட்டடத்தின் மேல் போட்டார். மூன்றாவது வாரம் கம்பியை விட்டுவிட்டு நடந்தார். அது என் திறமை என்று நான் நினைத்துக்கொண்டேன். தரை பழகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என்னுடைய இரண்டு பலவீனங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று புத்தகம். மூளையைப் பற்றி எழுதப்பட்ட புத்தகம் எது கையில் கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். பாதி படித்ததும் முழுவதும் புரிந்துவிட்டது போலிருக்கும். ஆகவே என் வீட்டுப் புத்தகங்களில் பின்பாதி எப்போதும் புத்தம்புதிதாகவே இருக்கும். இரண்டாவது, என் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா வாங்கினேன். முதல் பரிசு வாங்கியவள் எழுதிய ‘ழ’வைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு கருத்து உண்டு. வார்டில் என் கேஸ் ஷீட்டை மட்டும் டாக்டர் கண்ணாடி போடாமல் படிப்பார். இதை அவர் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். அந்த ஒரு முறையை வைத்தே பல வருடம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில் தலைமையாசிரியர் வந்து சேர்ந்தார்.

பூவம் பக்கத்துக் கிராமம். நெல் வயல் உண்டு. அதைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவர் படித்து வாத்தியாராகி, அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆகியிருந்தார். கெஜட்டட் அதிகாரி. பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி உள்ளவர். அந்தத் தகுதி இருப்பவர்கள் அதைச் சட்டைப் பையில் குத்தி வைத்திருப்பார்கள். இவரும் ஆஸ்பத்திரிச் சட்டையில் பச்சைப் பேனாவைக் குத்திக்கொண்டுதான் ஸ்ட்ரெச்சரில் வந்தார். வலது காலும் வலது கையும் தளர்ந்திருந்தன. பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனால் அதிகாரம் குழறவில்லை.

“எனக்கு நடக்க வரலேன்னா பரவால்ல, சிஸ்டர். கையெழுத்து வரணும்” என்றார் முதல் நாளே.

அவருக்கு ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தது. மருத்துவ விடுப்பு முடிந்து மறுபடி வேலையில் சேர வேண்டுமானால் மேலதிகாரி அலுவலகத்துக்குப் போய், அங்கே நேரில், சேர்ந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அது அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உடல்நிலைக் காரணம் காட்டி முன்கூட்டியே அனுப்பிவைக்கும் பேச்சு கிளம்பும். அதைக் கிளப்ப ஆள் தயாராக இருந்ததாகவும் சொன்னார். பள்ளியில் இப்போது பொறுப்புத் தலைமையாசிரியராக இருப்பவர், வந்த மறுநாளே இவருடைய நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டு, தன் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து போட்டிருக்கிறாராம். பியூன் போன் செய்து சொல்லியிருந்தார்.

“என்ன கலர் துண்டுன்னும் சொன்னான். நான் கேக்கல” என்றார் தலைமையாசிரியர். கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

ஒரு மனிதர் தன் கடைசி ஒன்பது மாதத்தைக் கட்டிலிலிருந்து முடிக்கப் போகிறாரா, நாற்காலியிலிருந்து முடிக்கப் போகிறாரா என்பது ஒரு கிறுக்கலில் தொங்கியது. கிறுக்கல் என்று நான் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. அது உள்ளபடியான வர்ணனை. அவர் மனைவி பையிலிருந்து ஒரு பழைய சான்றிதழ் நகலை எடுத்துக் காட்டினார். அதன் அடியில் பச்சையாக, கோழி நடந்துபோன மாதிரி, ஒரு மேடு, இரண்டு பள்ளம், ஒரு வெட்டு. அவ்வளவுதான். அதில் எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளிடம் ‘எழுத்து முத்து முத்தா இருக்க வேணாமாடா’ என்று கேட்ட மனிதரின் கையெழுத்து இது.

“இதுதாங்களா?” என்றேன்.

“இதுதான்” என்றார், சற்றே பெருமையோடு.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் காலையில் வந்து கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். நாள் முழுக்க அதைத் தொடர்ந்து செய்யவைப்பது நர்ஸ்களின் வேலை. அவர் சொன்னது ரொம்ப எளிமை: துணி மாட்டுற கிளிப்பை எடுத்துக் கம்பியில் மாட்டட்டும், களிமண் உருட்டட்டும், டம்ளரைப் பிடிக்கட்டும், பேனாவைப் பற்றி இப்போதைக்கு யாரும் பேச வேண்டாம், கையில் பலம் வந்தால் அது தானாக வரும்.

தானாக வரும் என்பதை நான் எந்தப் புத்தகத்தின் முன்பாதியிலும் படித்ததில்லை. மாறாக, பெரிய பெரிய வளைவுகளாக, மெதுவாக, பார்த்துப் பார்த்து எழுதினால் தளர்ந்த கைக்கு நல்லது என்று எங்கேயோ படித்திருந்தேன். மேலும், எப்படியும் ஆரம்பத்திலிருந்துதானே தொடங்கப் போகிறோம், தொடங்குவதைச் சரியாகத் தொடங்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் பழைய ஓட்டையையும் சேர்த்தா கட்டுகிறார்கள்?

கட்டங்கட்டமான நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்து, பிறகு பெயர், எல்லாம் புள்ளிக் கோடுகளாக, முத்து முத்தாகப் போட்டேன். கடைசியில் அடியில் ஒரு சுழிப்பு. அந்தச் சுழிப்பு என் கையெழுத்தில் நான் போடுவது. அழகுக்காக விட்டுவைத்தேன்.

தலைமையாசிரியர் நோட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது என் கையெழுத்து இல்லையே, சிஸ்டர்.”

“இனிமே இதுதான் சார். மொதல்ல எழுத்தைப் பிடிப்போம். பொறவு நீங்க எப்படி வேணாலும் கிறுக்கிக்கலாம்.”

“நான் கிறுக்க மாட்டேன். கையெழுத்துப் போடுவேன்.”

அவர் மனைவி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “ஏங்க, சிஸ்டர் சொல்றதைக் கேளுங்க. பள்ளிக்கூடத்துல பேசுற மாதிரி இங்கயும் பேசாதீங்க” என்றார். கட்டிலில் கிடக்கிற ஆணிடம் மனைவிக்கு இப்படி ஒரு தைரியம் வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆனதும் போய்விடும், சிலருக்குப் போவதில்லை.

அன்றைக்கு கேஸ் ஷீட்டில் என் முத்தான எழுத்தில் எழுதினேன்: ‘நோயாளி பயிற்சிக்கு ஒத்துழைக்கத் தயங்குகிறார்.’

ஒத்துழைத்தார். வேறு வழியில்லாமல் ஒத்துழைத்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைப்பார். பேனாவின் மேல் ரப்பர் குழாய் ஒன்றைச் சொருகித் தடிமனாக்கித் தந்திருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு என் புள்ளிகளின் மேல் போவார். முதல் எழுத்தை முடிக்கும்போது நெற்றியில் வியர்த்திருக்கும். நான் பக்கத்தில் நின்று, அடிப்படை விதியை மறந்துவிட்டு, “வளைங்க, வளைங்க, இன்னும் கொஞ்சம்… ஆ, இப்ப எறங்குங்க” என்று பின்னோக்கி வரும் லாரிக்கு வழி சொல்லும் கிளீனர் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன். இட்லியில் கையை வைக்கக் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்யும் நான், பேனா விஷயத்தில் அவர் மணிக்கட்டை விட்டு அகலவே இல்லை.

இதற்கிடையில் கிளிப் மாட்டுவதும் களிமண் உருட்டுவதும் நடந்துகொண்டுதான் இருந்தன. அதை அவரே, யாரும் பார்க்காதபோது செய்துகொண்டார். அதிலெல்லாம் எனக்கு அக்கறை இல்லை.

நாலாவது வாரம் புள்ளிகளை எடுத்துவிட்டேன். வெறும் கட்டத்தில் எழுதினார். கோணல்தான், ஆனால் எழுத்து என்று தெரிந்தது. ஆறாவது வாரம் சுழிப்பு வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பூரிப்பை என் மகள் பிளஸ் டூ தேறியபோதுகூட நான் அடைந்ததில்லை. அதை மகளிடம் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து நர்ஸ் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் நின்று பார்த்து, “பிரமாதம்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தலைமையாசிரியருக்கும் அதில் ஒரு கர்வம் வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் நோட்டை நீட்டினார். “முன்னாடி அவசரத்துல போடுவேன். இப்பத்தான் நிதானம் வந்திருக்கு” என்று விளக்கம் சொன்னார்.

வார்டு ஆயா மட்டும் தரை துடைத்துக்கொண்டே சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் சிஸ்டர், ஒங்க கையெழுத்தை எதுக்கு இங்க ஒட்டி வெச்சிருக்கீங்க?”

இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று நினைத்துச் சிரித்தேன். அப்படிச் சிரித்தவளை இன்றைக்குப் பார்த்தால் ஒரு அறை விடுவேன்.

ஏழாவது வாரக் கடைசியில் கைத்தடியோடு நடந்து டிஸ்சார்ஜ் ஆனார். டாக்டர் உடல்தகுதிச் சான்று கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் வேலையில் சேர்வதாக ஏற்பாடு. அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. “அந்தப் பக்கம் எனக்கும் ஒரு சோலி இருக்கு, அப்படியே வந்து எட்டிப் பாக்குறேன்” என்று அவர் மனைவியிடம் சொல்லிவைத்தேன். எனக்கு அந்தப் பக்கம் ஒரு சோலியும் இல்லை. இருந்தாலும் இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, பரிசளிப்பு விழாவுக்குப் போகிறவள் மாதிரி போனேன்.

அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். மரியாதை தெரிந்தவர், எழுந்து நின்று, “வாங்க சார், உக்காருங்க. ஒடம்பு எப்படி இருக்கு?” என்று விசாரித்தார். நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். வேலையில் சேர்ந்துகொண்டதற்கான அறிக்கையைத் தலைமையாசிரியர் முன்னால் வைத்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ரப்பர் குழாய் இல்லாமலே பிடித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாக, முத்து முத்தாக, சுழிப்பு சகிதமாகப் போட்டார். இரண்டு நிமிடம் ஆயிற்று. நான் சுற்றிலும் பார்த்தேன், யாராவது கவனிக்கிறார்களா என்று.

சூப்பரின்டென்டென்ட் சர்வீஸ் புத்தகத்தைப் பிரித்து அறிக்கையின் பக்கத்தில் வைத்தார். இங்கே பார்த்தார். அங்கே பார்த்தார். மறுபடி இங்கே பார்த்தார்.

“சார்… இது யாரு போட்டது?”

“நான்தாம்மா. ஒங்க முன்னாடிதானே போட்டேன்?”

“பாத்தேன் சார். ஆனா நீங்க போட்ட மாதிரி இல்லையே. வேற யாரோ ஒங்க கையால போட்ட மாதிரி இருக்கு.”

நான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கவனிக்க ஆரம்பித்தேன். மைத்துனர்கள் ஏன் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

“இவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆஸ்பத்திரி சிஸ்டர். ஏழு வாரம்!” என்று அவர் மனைவி என்னைக் காட்டினார், நன்றியோடு.

சூப்பரின்டென்டென்ட் என்னைப் பார்த்தார். பிறகு அந்தச் சுழிப்பைப் பார்த்தார். “ரொம்ப அழகா இருக்குங்க” என்றார். என் வாழ்க்கையில் அந்த வாக்கியம் வலித்த ஒரே தடவை அதுதான்.

புது மாதிரிக் கையெழுத்து கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது என்றார். மூன்று நகல் எழுதிக் கொடுத்தால் பாண்டிச்சேரிக்கு அனுப்புவார்கள். அங்கே ஒப்புதல் ஆகி வரும்வரை பொறுப்புத் தலைமையாசிரியரே நீடிப்பார்.

“எப்ப வரும்?” என்றார் தலைமையாசிரியர்.

“போகும் சார்.”

“போறது தெரியும்மா. எப்ப வரும்?”

“போயிட்டு வரும் சார்.”

காரைக்காலில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இந்த ஊரில் ஒரு காகிதம் பாண்டிச்சேரிக்குப் போவதற்கு நடுவில் அடுத்த மாநிலத்தையே கடந்தாக வேண்டும். அந்தப் பயணத்தில் அதற்கு என்னென்ன நேரும் என்று யார் கண்டது? அவருக்கு மிச்சமிருந்ததோ ஏழு மாதம். போன காகிதம் வருவதற்குள் அவர் ஓய்வு பெற்று, வழியனுப்பு விழாவில் வேறு ஒருவர் துண்டு போட்ட நாற்காலியின் பக்கத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பார்.

“இன்னொரு தடவ போடுறேன்” என்றார். போட்டார். முன்னதைவிட அழகாக வந்தது. அவர் கை நடுங்கினால்கூட என் எழுத்தாகவே நடுங்கியது. “பழையபடி போடுங்களேன்” என்று மனைவி கெஞ்சினார். பழையபடி எப்படி என்று அவருக்கு மறந்தே போயிருந்தது. சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அந்த மேட்டையும் பள்ளத்தையும் வரைய முயன்றார். தன் கையெழுத்தைத் தானே பார்த்து வரையும் மனிதரைப் பார்ப்பது சங்கடமாக இருக்கும். அதற்குக் காரணமானவள் பக்கத்திலேயே இஸ்திரிப் புடவையோடு உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தைந்து பேர் வேலை செய்கிற அந்த ஹாலில் அழுதால் எல்லாரும் அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஆதார் முகவரி மாற்றும் படிவம், கெஜட்டட் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டியது. ஏதோ வேலையாக அலுவலகத்துக்கு வந்தவர், தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டார். அவர் ஊர்க்காரர்.

“சார், நல்லாருக்கீங்களா? ஆஸ்பத்திரில இருந்தீங்கன்னு சொன்னாங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, புண்ணியமாப் போவும்.”

தலைமையாசிரியர் அப்போது சூப்பரின்டென்டென்டிடம் உச்சக் குரலில் பேசிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருட சர்வீஸ், ஒரு மெமோ கிடையாது, நேத்து வந்தவன் துண்டு போட்டு உக்காந்திருக்கான், இப்படிப் போய்க்கொண்டிருந்தது. பேச்சை நிறுத்தவில்லை. அந்த அம்மாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீட்டிய காகிதம் கண்ணில் பட்டதோ இல்லையோ, வலது கை தானாகப் போய், சரக்கென்று ஒரு மேடு, இரண்டு பள்ளம், ஒரு வெட்டு. பேனா மூடிவிட்டது. “தேதி நீயே போட்டுக்கம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி மெமோவுக்கு வந்துவிட்டார்.

நானும் அவர் மனைவியும் சூப்பரின்டென்டென்டும் அந்தப் படிவத்தையே பார்த்தோம். அவர் மட்டும் பார்க்கவில்லை.

சூப்பரின்டென்டென்ட் மெதுவாகக் கையை நீட்டி அந்த அம்மாளிடமிருந்து படிவத்தை வாங்கினார். சர்வீஸ் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். கோழி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்திருந்தது.

“இது செல்லாதும்மா. சார் இன்னும் வேலையில சேரல, கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்ல” என்று அந்த அம்மாளிடம் சொன்னார். பிறகு, “ஆனா இதுதான் அவரு கையெழுத்து” என்றார்.

மனைவி பரபரத்துப்போய், “ஏங்க, வந்துடுச்சுங்க! அதே மாதிரி போடுங்க, அதே மாதிரி!” என்றார். தலைமையாசிரியர் புது அறிக்கை ஒன்றை வாங்கி, குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கவனமாக… முத்து முத்தாக என் எழுத்து.

அப்போது அந்தச் சூப்பரின்டென்டென்ட் செய்ததை நான் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த அறிக்கையை எடுத்து ஓரமாக வைத்தார். வேறு ஒன்றை எடுத்துத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மேசைமேல் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“அது போவுது விடுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம். ஒங்க பள்ளிக்கூடத்துல அந்த ஒம்பதாம் வகுப்புக் கட்டடம் இன்னும் ஒழுகுதா?”

“ஒழுகுதாவா? போன ஐப்பசியில நானே நாலு லெட்டர் போட்டேன். வந்து பாத்தவன் என்ன சொன்னான் தெரியுமாம்மா?”

“என்ன சொன்னாரு?” என்றார் அவர், முகத்தில் எதையும் காட்டாமல்.

“மழை வந்தாத்தான் ஒழுகும்னான்! அதைக் கண்டுபிடிக்க ஒரு இன்ஜினியரு!” அவர் குரல் ஏறியது. காண்ட்ராக்டர் வந்தார், கம்பி வந்தது, சிமெண்ட் வந்தது, பெற்றோர் கூட்டம் வந்தது. அந்தப் பேச்சு உச்சத்தில் இருக்கும்போது சூப்பரின்டென்டென்ட் வேறெங்கோ பார்த்துக்கொண்டு காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். கை போனது. சரக்.

“அதுல மணல் மட்டும் நல்ல மணல், ஏன்னா அது நான் வாங்குனது” என்று முடித்தார் தலைமையாசிரியர்.

“சரிங்க சார். நீங்க வேலையில சேந்தாச்சு” என்றார் அவர்.

தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். தன் கோழியைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் தெருவில் ஒரு பழைய மாணவனைப் பார்த்தவர் மாதிரி இருந்தது முகம். பிறகு சட்டென்று ஞாபகம் வந்தவராக, போகவிருந்த அந்த ஊர்க்கார அம்மாளைக் கூப்பிட்டார். “எங்க போற? குடு அந்த பாரத்தை. இப்ப செல்லும்” என்று அதே படிவத்தில் தேதியும் பெயரும் எழுதிக் கொடுத்தார். சூப்பரின்டென்டென்ட் மறுபடி வேறெங்கோ பார்த்தார்.

நான் எதுவும் செய்யவில்லை. ஏழு வாரத்தில் அவருக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், அந்தக் கடைசி அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான். வார்டில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு முதல் நாளே நான் எடுக்கும் பாடத்தை, கையைக் கட்டிக்கொண்டு நில், காரியம் தானாக வரட்டும் என்பதை, மருத்துவமே படிக்காத ஒரு பெண்மணி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்கு நடத்திக் காட்டினார். வெளியே வந்ததும் தலைமையாசிரியர் கைத்தடியை ஊன்றி நின்று, “ஒங்க எழுத்து வீண் போகல, சிஸ்டர். வருகைப் பதிவேட்டுல போடும்போது இதைப் போடுறேன்” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. அப்படிப் போட்டுத் தொலைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

என் பக்கத்து நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஏழு வாரப் பயிற்சி இல்லாவிட்டால் கைக்கு அந்தப் பலம் வந்திருக்காது, பேனா நின்றிருக்காது. மறுநாள் பிசியோதெரபிஸ்டிடம் இதைச் சொன்னேன். “கண்டிப்பா. அந்தக் கிளிப்பும் களிமண்ணும் ரொம்ப உதவியிருக்கும்” என்றார். நோட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த பக்கத்தைக் கிழிக்கப் போனேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, பாதிதான் வந்தது.

நான் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஆயா என்ன விஷயம் என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, அந்த அம்மாள் படிவத்தை நீட்டியதும் கை தானாகப் போனதுமாக, எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பையும் சேர்த்தேதான் சொன்னேன். ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

“ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சிஸ்டர்? எம் மருமவளுக்கு ஆதார்ல பேரு மாத்தணும்னு மூணு மாசமா அலையிறேன். அன்னிக்கு பெட்ஷீட் மாத்தும்போதே பாரத்தை நீட்டியிருப்பேனே.”